மீதமுள்ள பார்வை: குறைபார்வை மருத்துவம் வளர்ந்த கதை



சென்ற இதழில், 1856-ல் திறக்கப்பட்ட நம் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தேன். லிஃப்டிலும் மாலை வாக்கிங்கிலும் நிறுத்திப் பேசிய எல்லோருக்கும் நன்றி. இந்த முறை ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதவில்லை, ஒரு தொழிலைப் பற்றி எழுதுகிறேன். அந்தத் தொழில் நம் ஊருக்கு எப்படி வந்தது, நம் குடியிருப்பில் யாருக்கெல்லாம் அது தேவைப்படுகிறது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

நம் நான்கு பிளாக்குகளிலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய இருக்கிறோம். துறைமுகம், அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, ரயில்வே, பள்ளிக்கூடம், வங்கி என்று பல இடங்களில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். இவர்களில் சிலருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, லேசர் முடிந்து, ஊசியும் போட்டாகிவிட்டது. கடைசியில் டாக்டர், "மருந்தாலோ ஆபரேஷனாலோ இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்பார். மருத்துவப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு வீடு திரும்புகிறவர், இனி பேப்பர் படிக்க முடியாது, தனியாக வெளியே போக முடியாது, பேத்தியின் முகம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த இடத்தில் தொடங்கும் தொழில்தான் குறைபார்வை மருத்துவம். டாக்டர்கள் இதை லோ விஷன் என்பார்கள்.

குறைபார்வை என்றால் என்ன?

கண் பரிசோதனைச் சீட்டில் 6/6, 6/18 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 6/18 என்றால், நல்ல கண் 18 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறார் என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 1992-ல் பாங்காக்கில் நடத்திய கூட்டத்தில் ஒரு விளக்கம் வகுத்தார்கள். சிகிச்சை முடிந்து, சரியான கண்ணாடியும் போட்ட பிறகு, பார்வை 6/18-க்குக் கீழே இருக்க வேண்டும். அல்லது பார்வைப் பரப்பு மையத்திலிருந்து 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியிருக்க வேண்டும். இதோடு இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார்கள். அந்த மீதிப் பார்வையை வைத்து அவர் ஏதாவது ஒரு வேலையைச் செய்கிறவராகவோ, செய்யக்கூடியவராகவோ இருக்க வேண்டும்.

நான் வணிகவியல் படித்து, கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். எனக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியமாகப் படுகிறது. எவ்வளவு போயிற்று என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கையில் மீதி எவ்வளவு, அதை வைத்து என்ன செய்யலாம் என்றும் கேட்கிறது அது. இந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவ உலகத்துக்கு நீண்ட காலம் பிடித்தது.

கண்ணைக் காப்பாற்ற கண்ணைக் கட்டிய காலம்

சென்னைக்குக் கண் மருத்துவம் புதிதல்ல. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை தொடங்கிய 1805-க்குப் பிறகு பதினான்கே ஆண்டுகளில், 1819-ல், இங்கே மதராஸ் கண் மருத்துவமனை தொடங்கியது. முதலில் ராயப்பேட்டையில் இருந்து, 1884-ல் எழும்பூருக்கு வந்தது. நம்மில் பலருடைய வீட்டுப் பெரியவர்கள் கண்புரை எடுத்துக்கொண்டு பச்சைத் துணி கட்டி வந்தது அங்கிருந்துதான்.

பார்வை திரும்பாதவர்களுக்கு அன்று இருந்த வழி பார்வையற்றோர் பள்ளி. 1890-ல் பாளையங்கோட்டையில் மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1951-ல், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் முறை வந்தது. இவை பெரிய காரியங்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பள்ளிகளில் சேர்ந்த எல்லாக் குழந்தைகளும் முழுவதும் பார்வை இல்லாதவர்கள் அல்ல. பலருக்கு ஓரளவு தெரியும். அவர்களுக்கும் பிரெய்ல்தான். காரணம், அன்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது: பலவீனமான கண்ணை உபயோகித்தால் அது இன்னும் தேய்ந்துவிடும். லண்டனில் 1908-ல் கிட்டப்பார்வை அதிகமுள்ள குழந்தைகளுக்கென்று தனி வகுப்பு தொடங்கியபோதும், குழந்தைகள் கண்ணை அதிகம் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வதே நோக்கமாக இருந்தது. கொஞ்சம் தெரிகிற பிள்ளை பிரெய்ல் புள்ளிகளைக் கண்ணால் பார்த்துப் படித்துவிடக் கூடாது என்று கண்ணைக் கட்டிவிட்ட பள்ளிகளும் இருந்தன.

இந்த நம்பிக்கையை அசைத்தவர் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆசிரியை நாட்டலி பராகா. பார்வைக் குறைபாடுள்ள பெண் குழந்தையின் தாய் அவர். பார்வையற்றோர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்குச் சில வாரங்கள் முறையாகப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார். அவர்களுடைய கண்ணின் நிலை மாறவில்லை. ஆனால் அந்தக் கண்ணால் அவர்கள் புரிந்துகொள்வது அதிகமாயிற்று. 1964-ல் இந்த ஆய்வு வெளியானது. நம் வீடுகளில் இன்றும், "ரொம்பப் படிக்காதே, இருக்கிற பார்வையும் போயிடும்" என்கிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தவறென்று தெரிந்துபோன விஷயம் அது.

எண் அட்டை வைத்திருந்த ஃபைன்ப்ளூம்

பராகாவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க்கில் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட் இந்த வழியில் வேலையைத் தொடங்கியிருந்தார். பெயர் வில்லியம் ஃபைன்ப்ளூம், பிறந்தது 1904-ல்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஆப்தல்மாலஜிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, கண்ணில் மேற்படிப்பு படித்து, ஆபரேஷன் செய்கிற கண் டாக்டர். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் பார்வையை அளந்து, எந்த லென்ஸ் எதற்கு உதவும் என்று கண்டுபிடிக்கப் பட்டப் படிப்பு படித்தவர். கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் கொடுப்பவர் மூன்றாவது ஆள். மூவரையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் யாரிடம் எதற்குப் போவது என்று நமக்குத் தெரியாமல் போகிறது.

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சேர்த்துக் கான்டாக்ட் லென்ஸ் செய்தவர் என்று 1936-ல் ஃபைன்ப்ளூமுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் செலவிட்டது குறைபார்வை உள்ளவர்களுக்காக. கண்ணாடி ஃபிரேமிலேயே பொருத்தக்கூடிய சின்னஞ்சிறு தொலைநோக்கிகளை வடிவமைத்தார்.

அவர் செய்த ஒரு எளிய காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சுவரில் மாட்டும் வழக்கமான எழுத்து அட்டை 1862-ல் ஸ்நெல்லன் என்ற டச்சு டாக்டர் வகுத்தது. அதில் மேலே ஒரே ஒரு பெரிய எழுத்துதான் இருக்கும். அதுவும் தெரியாவிட்டால் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். ஃபைன்ப்ளூம் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, புத்தகம் போல் புரட்டும் எண் அட்டைகளைச் செய்தார். அதில் மிகப் பெரிய எண்ணை நல்ல கண் 700 அடியிலிருந்தே படித்துவிடும். அந்த அட்டையை நோயாளிக்கு 10 அடி தூரத்துக்குக் கொண்டுவந்து காட்டுவார். தேவைப்பட்டால் இன்னும் கிட்டே வருவார்.

பல ஆண்டுகளாக "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லியே பழகியவர், அன்று ஒரு எண்ணைப் படிப்பார். அடுத்து இன்னொன்றைப் படிப்பார். அவருக்குள்ளே ஏதோ ஒன்று நிமிரும். டாக்டருக்கும், இவருக்கு எவ்வளவு மீதி இருக்கிறது என்று துல்லியமான கணக்கு கிடைக்கும். 1978-ல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் பெயரில் பார்வை மறுவாழ்வு மையம் ஏற்பட்டது, 1985-ல் காலமானார். அவருடைய எண் அட்டைகள் இன்றும் உலகெங்கும் குறைபார்வைப் பிரிவுகளில் புழக்கத்தில் இருக்கின்றன.

பிறகு வந்தவர்கள் இதை வளர்த்தார்கள். 1969-ல், தானே மிகக் குறைந்த பார்வை உள்ள சாமுவேல் ஜெனென்ஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர், கேமராவையும் டிவியையும் இணைத்துப் புத்தக எழுத்தைத் திரையில் பெரிதாக்கும் கருவியைப் பற்றி எழுதினார். 1976-ல் ஆஸ்திரேலியாவில் இயன் பெய்லி, ஜேன் லவி என்ற இரண்டு ஆப்டோமெட்ரிஸ்டுகள் ஒவ்வொரு வரியிலும் ஐந்தைந்து எழுத்து, ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும் அளவு என்று புதிய அட்டை வகுத்தார்கள். இந்த ஜேன் லவியின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

1985: சென்னைக்கு வந்த படிப்பு

நம் நாட்டில் ஆப்டோமெட்ரி டிப்ளமா படிப்பு 1958-லேயே அலிகாரிலும் ஹைதராபாத்திலும் தொடங்கியது. பட்டப் படிப்பாகச் சென்னைக்கு வந்தது 1985-ல். டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, பிலானி பிட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கியது. நான்காண்டுப் படிப்பு. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆப்டோமெட்ரி பள்ளிக்குத் தலைவராக இருந்த ஜே ஈனாக் இதற்குத் துணை நின்றார். பரங்கிமலையில் இருக்கிறது அந்தப் பள்ளி. அங்கே படித்தவர்களில் ஒரு பகுதியினர் குறைபார்வையையே தங்கள் துறையாக எடுத்துக்கொண்டார்கள். சங்கர நேத்ராலயாவில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

1987-ல் ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை தொடங்கியது. பெயரைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்திருக்கும். நாம் பார்த்த 'மனோகரா' படத்தை இயக்கிய அதே எல்.வி. பிரசாத்தான். நிலமும் ஒரு கோடி ரூபாயும் கொடுத்தார். அங்கே குறைபார்வைப் பிரிவை நடத்தி வந்த விஜயா கோத்வால் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட். அவர் 2003-ல், நான் நினைவில் வைக்கச் சொன்ன ஜேன் லவி கிச்சின் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து, பார்வைக் குறைவுள்ள இந்தியக் குழந்தைகளுக்காக ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்.

வெளிநாட்டுக் கேள்வித்தாள்களை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம் குழந்தைகளுக்குப் பொருந்தாது. அதனால் நம் பிள்ளைகள் தினமும் செய்கிற காரியங்களைப் பற்றியே கேட்டார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்க முடிகிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுத முடிகிறதா, தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். 6/60 என்று இருவருக்கும் சீட்டு எழுதலாம். ஆனால் ஒருவரால் பஸ் ஏற முடியும், இன்னொருவரால் முடியாது. அந்த வித்தியாசத்தைச் சீட்டு சொல்லாது, கேள்விதான் சொல்லும்.

தாமதத்துக்குக் காரணம்

இவ்வளவு இருந்தும் இந்தத் தொழில் ஏன் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை? என் கருத்தைச் சொல்கிறேன். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கியது. அதன் முழுப் பலமும் கண்புரை ஆபரேஷனில் இருந்தது. நியாயம்தான், நாட்டில் அதிகம் பேரின் பார்வையைப் பறித்தது கண்புரை. ஆபரேஷனை எண்ணிக் கணக்குக் கொடுக்கலாம்: இந்த மாதம் இத்தனை என்று ரிப்போர்ட் எழுதலாம். ஒரு பெரியவருக்கு மூன்று முறை உட்கார்ந்து பூதக்கண்ணாடி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதை எந்தப் பத்தியில் எழுதுவது? கணக்கில் வராத வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்குவது கஷ்டம். இதை வங்கியில் நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் மெதுவாக வழிக்கு வந்தது. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் பார்வையின்மையைத் தனியாகவும் குறைபார்வையைத் தனியாகவும் பட்டியலிட்டது. 2016-ன் புதிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, குறைபார்வைக்கு 6/18-க்குக் கீழிருந்து 3/60 வரை என்று எல்லை வைத்தது. 2017-ல் தேசியத் திட்டமும் தன் பெயரில் பார்வைக் குறைபாட்டைச் சேர்த்துக்கொண்டு, பார்வையற்றவர் என்பதற்கான அளவை 6/60-லிருந்து 3/60-க்கு மாற்றியது. அதாவது அதுவரை பார்வையற்றோர் தலைப்பில் இருந்த ஒரு கூட்டம் ஒரே நாளில் வேறு தலைப்புக்கு மாறியது. ஆள் அதே ஆள், கண் அதே கண். தலைப்பு மாறியவர்களுக்கு அதற்குரிய கவனிப்பும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 2021-ல் வந்த சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டுகளை முறையான சுகாதாரத் தொழில் வல்லுநர்களாக அங்கீகரித்திருப்பது நல்ல செய்தி.

நம் பகுதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு எம்.வி. டயபடீஸ் மருத்துவமனை தெரியாமல் இருக்காது. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் நம் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கு மட்டுமே என்று இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். சர்க்கரை வியாதிக்குத் தனி ஆஸ்பத்திரியா என்று ஊரே ஆச்சரியப்பட்டிருக்கும். இன்று யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும். சென்னை நகரில் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2005-ல் வெளியானது. நீரிழிவு உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்ததாக அது சொன்னது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். ஆரம்பத்தில் இவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடி பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து நிலையான பிறகு கண்ணாடி மாற்றுவதுதான் உங்கள் பர்சுக்கும் நல்லது.

ஒரு பென்ஷன்காரரின் கையெழுத்து

1990-களில் வடசென்னையில் ஒரு கிளையில் பென்ஷன் கவுண்ட்டரில் இருந்தேன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மாதா மாதம் வருவார். சர்க்கரையில் கண் போய்க்கொண்டிருந்தது. கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறும், கீழே இறங்கும், எழுத்தின் மேல் எழுத்து விழும். ரெக்கார்டில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை. விதிப்படி இரண்டு சாட்சிகளை வைத்துப் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும் என்று மேலதிகாரி சொன்னார்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, நாற்பது வருஷம் கப்பல் கணக்குல கையெழுத்துப் போட்டவன் நான். இப்போ கைநாட்டா?" என்று மட்டும் கேட்டார். மை தடவிய விரலைத் துடைக்கத் துணி கொடுத்தபோது வாங்கிக்கொள்ளாமல் போனார்.

சில மாதம் கழித்து மகளோடு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்தார். அதன் நடுவில் கையெழுத்து அளவுக்கு ஒரு நீள்சதுர ஓட்டை வெட்டியிருந்தது. மகள் அந்த அட்டையைப் படிவத்தில் சரியான இடத்தில் வைத்தார். கறுப்பில் வெள்ளைச் சன்னலாக அந்த இடம் மட்டும் தெரிந்தது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தடித்த கறுப்புப் பேனாவால் அதற்குள்ளேயே கையெழுத்துப் போட்டார். பொருந்தியது. "கண் ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு வெட்டிக் கொடுத்துச்சு. நாலு நாள் உட்கார வெச்சு எழுதப் பழக்குச்சு" என்றார். அந்த அட்டையின் விலை ஐம்பது பைசா இருக்குமா? ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் கவுண்ட்டரில் மை டப்பாவைத் தொடவே இல்லை.

வங்கிகளும் பிறகு மாறின. பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனில் எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. உங்களிடம் யாராவது மறுத்தால் இதைச் சொல்லுங்கள். புதிய 100 ரூபாய் நோட்டில் முக்கோணமும் 500 ரூபாயில் வட்டமும் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக அச்சிட்டிருக்கிறார்கள். நோட்டை போனுக்கு முன் காட்டினால் மதிப்பைச் சொல்லும் மணி என்ற செயலியை 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது.

அங்கே போனால் என்ன செய்வார்கள்?

பலர் நினைப்பது போல ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவதில்லை. முதலில், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். ஒருவருக்குத் தினத்தந்தி படிக்க வேண்டும், இன்னொருவருக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டும், மற்றொருவருக்கு 56 நம்பர் பஸ் வருகிறதா என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு.

நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸின் பவர் 16 டையாப்டர். அதில் எழுத்து தெளிவாகத் தெரிய புத்தகம் ஆறேகால் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், அதாவது மூக்குக்குப் பக்கத்தில். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கண்ணாடி மட்டும் வாங்கினால், நாம் வழக்கப்படி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சரியில்லை" என்று பீரோவில் போட்டுவிடுவோம். பயிற்சிதான் இதில் பாதி.

நடுப்பார்வை போனவர்களுக்கு ஓரக்கண்ணால் பார்க்கப் பழக்குவார்கள். நேராகப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் கறை. சற்றுத் தள்ளிப் பார்த்தால் முகம் தெரியும். ஓரப்பார்வை போய் நடுவில் மட்டும் தெரிகிறவர்களுக்கு, கைத்தடியோடு நடக்கவும் பார்வையைச் சுழற்றி அறையை அளக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். வீட்டுக்கும் யோசனை சொல்வார்கள். வெள்ளைத் தட்டில் இட்லி தெரியாது, கருநீலத் தட்டில் தெரியும். வெள்ளைக் கப்பில் பாலை எவ்வளவு ஊற்றினோம் என்று தெரியாது, கறுப்புக் கப்பில் தெரியும். விளக்கு தலைக்கு மேல் இருப்பதைவிடத் தோளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தின் மேல் விழுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்வை நன்றாகக் குறைந்தபின் சிலருக்கு இல்லாத காட்சிகள் தெரியும்: அறையில் குழந்தைகள் நிற்பார்கள், சுவரில் பூக்கள் பூக்கும். ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் பானே என்ற அறிஞர் தன் தாத்தாவுக்கு இப்படி ஏற்பட்டதை 1760-லேயே எழுதி வைத்தார். புத்தி தெளிவாகவே இருக்கும்; கண்ணிலிருந்து செய்தி வராத மூளை தானே படம் காட்டுகிறது. நம் ஊரில் இதைப் பேய் என்றோ, மூளை கலங்கிவிட்டது என்றோ சொல்லிவிடுவார்கள் என்று பயந்து பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அதட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதற்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

நாம் செய்யக்கூடியவை

நம்மிடையே ஒரு மனஸ்தாபம் அடிக்கடி கேட்கிறேன். "அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்", "பேப்பர் படிக்கிறவருக்கு நாற்காலி தெரியாதா? நடிக்கிறார்." நடுப்பார்வை இல்லாதவர் தடையில்லாமல் நடப்பார், ஆனால் உங்கள் முகம் தெரியாது. ஓரப்பார்வை இல்லாதவர் பேப்பர் படிப்பார், ஆனால் காலடியில் இருக்கும் நாற்காலி தெரியாது. இரண்டும் நடிப்பு இல்லை. எதிரே வரும்போது, "மாமா, நான் சி பிளாக் இரண்டாவது மாடி" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவருக்கு எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.

டாக்டர் "இனி ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால், "லோ விஷன் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனைக்கு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் போதும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் அரசுச் சலுகைகளுக்கு வழி உண்டு. பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு வருமான வரியிலும் கழிவு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் நான் இருப்பேன்.

நிர்வாகக் குழுவுக்கு மூன்று கோரிக்கைகள். நான்கு பிளாக்கிலும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்க வேண்டும். முதல் படியும் கடைசிப் படியும்தான் ஆளை விழ வைக்கின்றன. அவற்றில் தவறவே கூடாது. படி திரும்பும் இடங்களில் எரியாமல் கிடக்கும் பல்புகளை மாற்ற வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாள்களை வெள்ளைத் தாளில் கறுப்புப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். இளஞ்சிவப்புத் தாளில் சாம்பல் நிற எழுத்து அழகாக இருக்கலாம், ஆனால் படிக்க வேண்டியவர்களால் படிக்க முடியவில்லை. பெயின்ட் செலவுக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் வைக்கிறேன். வந்து ஆதரவு தாருங்கள்.

இந்த இதழைப் போனில் படிக்கிறவர்கள், எழுத்து சிறியதாக இருந்தால் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அப்படியும் படிக்க முடியாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பி பிளாக்